புதுப் பைப் போட்டும் பிரேக் கசிகிறதா?



யுத்தமும், 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமியும் உழைப்பவரைக் கொண்டுபோன பல வீடுகளில் மிஞ்சிய சொத்து ஒரு வண்டியாகவே இருந்தது. மருதமுனை தொடக்கம் பொத்துவில் வரை நாம் போய்வரும் ஊர்களில் இதைக் கண்டிருக்கிறோம். முற்றத்தில் ஒரு முச்சக்கர வண்டி நிற்கும். அல்லது மீன் ஏற்றிய பழைய வேன், நெல் மூடை ஏற்றிய சின்ன லொறி. சில சகோதரிகள் அதை நாள் வாடகைக்குக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். சிலர் ஊரார் பேச்சையும் பார்வையையும் தாங்கிக்கொண்டு தாங்களே ஓட்டப் பழகினார்கள். இன்னும் சிலர் சுயதொழில் கடன் எடுத்துப் பழைய வண்டியொன்றை வாங்கினார்கள்.

அந்த வண்டிகளுக்கு இன்று வயது போய்விட்டது. 2020 மார்ச் மாதம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் மீண்டும் ஆரம்பித்தாலும் புது வண்டியின் விலை எம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆகவே இருப்பதைத் திருத்தித் திருத்தித்தான் ஓட வேண்டியுள்ளது. சீற் கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம். பெயின்ட் போனால் போகட்டும் என்று விடலாம். அப்படி விட முடியாத ஓரிடம் பிரேக்.

சகோதரிகள் கூட்டமொன்றில் ஒரு ராத்தா கேட்ட கேள்வி இது: "மகள், பிரேக் பைப் துருப்புடிச்சுப் போச்சு எண்டு புதுசாப் போட்டன். காசும் குடுத்துட்டன். ஆனா ஒயில் இன்னும் குறையுது. கராஜ் காக்காட்டக் கேட்டா, 'புதுப் பைப் தானே, கொஞ்சம் கசியும், ஓட ஓடச் சரியாகிடும்' எண்டு சொல்றார். மெய்தானா?"

மெய்யல்ல. ஓட ஓடச் சரியாகும் பிரேக் கசிவு என்று ஒன்று கிடையாது. ஓட ஓடக் கூடும் கசிவுதான் உண்டு. புதுப் பைப் போட்ட பின்னரும் கசிகிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்க வழியும் இருக்கிறது. ஸ்பேனரை நாமே பிடிக்காவிட்டாலும், பக்கத்தில் நின்று எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பது எமது கடமை. ஏனென்றால் அந்த வண்டியில் போவது எமது பிள்ளைகளும் அயலவரின் பிள்ளைகளும்தான்.

இரண்டு சிரிஞ்சும் ஒரு குழாயும்

ஒயில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு ஊசி மருந்துச் சிரிஞ்சுகளை நினைத்து விளங்கிக்கொள்ளலாம். ஊசி இல்லாத இரண்டு சிரிஞ்சுகளை ஒரு மெல்லிய குழாயால் இணைத்து உள்ளே தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றை அழுத்தினால் மற்றது தானாக வெளியே தள்ளும். தண்ணீரை நசுக்கிச் சிறிதாக்க முடியாது. ஆகவே ஒரு பக்கம் கொடுத்த பலம் மறுபக்கம் அப்படியே போய்ச் சேருகிறது.

வண்டியில் காலால் மிதிக்கும் பெடலோடு இருக்கும் முதல் சிரிஞ்சுக்குப் பெயர் மாஸ்டர் சிலிண்டர். சக்கரத்துக்குள் இருக்கும் மற்றச் சிரிஞ்சு வீல் சிலிண்டர். அது பிரேக் கட்டைகளை விரித்துத் தள்ளி டிரம்மைப் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஓடும் மெல்லிய உலோகக் குழாய்தான் பிரேக் பைப். சக்கரம் ஆடும் இடத்தில் மட்டும் அது றப்பர் ஹோஸாக மாறும். முச்சக்கர வண்டிகளில் அநேகமானவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

இப்போது அந்தச் சிரிஞ்சுக் குழாயில் ஊசி முனையளவு ஓட்டை போட்டால் என்ன நடக்கும்? அழுத்தும்போது தண்ணீர் ஓட்டையால் பீறும், மறுபக்கச் சிரிஞ்சு அசையாது. குழாய்க்குள் ஒரு காற்றுக் குமிழி இருந்தால், அழுத்தம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சு போல் இருக்கிறது என்று ஓட்டுனர்கள் சொல்வது இதைத்தான். பெடல் ஒரேயடியாக அடிவரை போய்விட்டால், சிலிண்டரில் ஒயில் இல்லை, அல்லது எங்கோ பெரிய கசிவு இருக்கிறது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். பலமாகப் பிரேக் பிடிக்கும்போது அந்த மெல்லிய பைப்புக்குள் உண்டாகும் அழுத்தம், டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல் 20, 30 மடங்காகலாம். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குச் செய்யும் ஒட்டுவேலை இங்கே செல்லாது.

உப்புக் காற்றும் துருவும்

எமது ஊர்கள் கடலை ஒட்டியே கிடக்கின்றன. ஜன்னல் கம்பி, தையல் மெஷின், சைக்கிள் செயின் எல்லாம் எவ்வளவு விரைவாகத் துருப்பிடிக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். பிரேக் பைப்பும் இரும்புதான். மீன் ஏற்றும் வண்டியென்றால் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீரும் பனிக்கட்டித் தண்ணீரும் நேரே அடிப்பாகத்தில்தான் விழுகின்றன. மாரி காலத்தில் வெள்ளம் நிற்கும் வீதிகளில் ஓடி, சேறு ஒட்டிக் காய்ந்து, பைப்பைப் பிடிக்கும் கிளிப்புகளுக்கு அடியில் ஈரம் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. பைப் முதலில் உக்கிப்போவது பெரும்பாலும் அந்தக் கிளிப்புகளுக்கு அடியில்தான்.

இது எமக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. அமெரிக்காவில் பனி உறையும் மாநிலங்களில் வீதிப் பனியைக் கரைக்க உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பு அடித்து, 1999 முதல் 2003 வரையான ஜெனரல் மோட்டோர்ஸ் பிக்கப் வண்டிகளில் பிரேக் பைப் உக்கி வெடிப்பதாகப் பல முறைப்பாடுகள் வந்தன. அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் சில வருடங்கள் விசாரித்து 2015 ஏப்ரலில் முடிவைச் சொன்னது. இது உற்பத்திக் குறைபாடு அல்ல, உப்பாலும் வயதாலும் வந்த தேய்மானம் என்பதே அந்த முடிவு. வண்டிகளைத் திருப்பி அழைக்கும்படி உத்தரவிடவில்லை. ஆனால் 2007க்கும் அதற்கு முன்னரும் வந்த வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு ஓர் அறிவுரை கொடுத்தது. அடிப்பாகத்தை அடிக்கடி கழுவுங்கள், பைப்பைச் சோதியுங்கள், துரு செதிலாக உரியும் அளவுக்கு வந்திருந்தால் ஒரு துண்டை அல்ல, பைப் தொகுதி முழுவதையும் மாற்றுங்கள் என்றது.

கடைசி அறிவுரை எமக்கு மிகவும் பயன்படும். காசை மிச்சம் பிடிக்கக் கசியும் துண்டை மட்டும் வெட்டி, புதுத் துண்டு ஒன்றை நடுவில் சேர்க்கச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பைப்பின் மிச்சப் பாகமும் அதே வயதுதான், அதே உப்பைத்தான் குடித்திருக்கிறது. புதிய துண்டு தாங்கும், அடுத்த மாதம் அதற்குப் பக்கத்தில் வெடிக்கும். மீண்டும் கூலி, மீண்டும் ஒயில், மீண்டும் வண்டி ஓடாத நாட்கள். கூட்டிப் பார்த்தால் முழுப் பைப்பையும் ஒரே தடவையில் மாற்றுவதே மலிவு.

மாற்றும்போது எந்தப் பைப் என்றும் கேளுங்கள். துருப்பிடிக்காதபடி பூச்சுப் பூசிய இரும்புப் பிரேக் பைப் நல்லது. செம்புடன் நிக்கல் கலந்த பைப் கிடைத்தால் இன்னும் நல்லது. சுவீடனின் வொல்வோ நிறுவனம் 1970களிலேயே அதற்கு மாறிவிட்டது. ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் வெறும் செம்புப் பைப் பிரேக்குக்குக் கூடாது. அது துருப்பிடிக்காதுதான். ஆயினும் வண்டியின் அதிர்வில் நாளடைவில் இறுகி வெடித்துவிடும்.

புதிய பைப் ஏன் கசிகிறது?

பைப் புதிது என்றால் கசிவு பெரும்பாலும் பைப்பின் நடுவில் இராது. பொருத்தும் வாய்களில்தான் இருக்கும். முக்கியமான காரணங்கள் இவை.

முதலாவது, பைப்பின் வாய் சரியாக விரிக்கப்படாமை. பிரேக் பைப்பின் நுனியை ஒரு கருவியால் குடை போல விரித்து, அந்த விரிந்த வாயை நட் கொண்டு சிலிண்டரின் இருக்கையில் அழுத்துகிறார்கள். கசிவைத் தடுப்பது நட்டின் புரி அல்ல, வாயும் இருக்கையும் ஒன்றோடொன்று அழுந்தி இருப்பதுதான். பைப்பைக் கோணலாக அறுத்தாலோ, அறுத்த பிசிரை அரத்தால் எடுக்காமல் விட்டாலோ வாய் ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும் வரும். ஓரத்தை இரண்டாக மடித்து விரிக்க வேண்டிய பைப்பை ஒற்றையாக விரித்தால் வாய் வெடித்துவிடும். சில வண்டிகளுக்கு உட்பக்கம் மடிந்த வாய், சிலவற்றுக்கு உருண்டைக் குமிழ் போன்ற வாய். ஒன்றுக்கு மற்றதைப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசிவு நிற்காது. கழற்றிய பழைய பைப்பின் நுனியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே இலகுவான சோதனை. ஆகவே பழைய பைப்பை வேலை முடியும்வரை வீச விடாதீர்கள்.

இரண்டாவது, நட்டின் புரி பொருந்தாமை. ஜப்பான் வண்டிகளுக்கு மில்லிமீற்றர் அளவு. பழைய ஆங்கிலேய வண்டிகளுக்கு அங்குல அளவு. 10 மில்லிமீற்றர் நட்டும் எட்டில் மூன்று அங்குல நட்டும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். மாறிப் போட்டால் இரண்டு சுற்று ஏறிய பின் இறுகும், அல்லது சிலிண்டரின் புரியையே அழித்துவிடும். சரியான நட் கையாலேயே பல சுற்று ஏற வேண்டும். ஸ்பேனர் கடைசி இறுக்கத்துக்கு மட்டும்தான்.

மூன்றாவது, இருக்கையில் அழுக்கோ கீறலோ இருத்தல். பழைய சிலிண்டரின் இருக்கையில் துருத் தூள் ஒட்டியிருந்தால் புதிய வாய் அதில் சரியாக அமராது. புதுப் பைப்பைப் பொருத்துமுன் அந்த இடத்தைச் சுத்தமான துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது, பழைய செம்பு வொஷர். றப்பர் ஹோஸ் துளையுள்ள போல்ட்டால் பூட்டப்படும் இடங்களில் இரண்டு பக்கமும் செம்பு வொஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கிய வொஷர் அடுத்த முறை சரியாக அடைக்காது. வொஷரின் விலை மிகச் சிறியது. கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிது போடச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பைப்பில் பிழையே இல்லாமை. பழைய உக்கிய பைப் கசிந்துகொண்டிருந்தவரை சிலிண்டரின் பழைய றப்பர்கள் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டி வரவில்லை. பைப் சரியானதும் முழு அழுத்தமும் அவற்றின் மேல் விழுகிறது. அடுத்த பலவீனமான இடம் கசியத் தொடங்குகிறது. கராஜ்காரர் பைப்பை ஒழுங்காகவே போட்டிருப்பார், நாம் அவரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். அதனால்தான் கசியும் இடம் எது என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை. வெள்ளை டிஷ்யூத் தாளும் ஒரு பழைய மட்டைப் பெட்டியும் ரோர்ச் லைற்றும் போதும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். வெறும் ஜக்கின் மேல் நிற்கும் வண்டிக்குக் கீழே ஒருபோதும் போகாதீர்கள், வேறொருவரைப் போகவும் விடாதீர்கள். ஒவ்வொரு பொருத்தையும் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் மீண்டும் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். பிரேக் ஒயில் தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் பழைய கசிவின் அடையாளம் போய்விடும். பின்னர் ஒவ்வொரு பொருத்தையும் சுற்றி ஒரு துண்டு டிஷ்யூவைக் கட்டிவிடுங்கள். ஒருவர் பெடலைப் பலமாக மிதித்து இரண்டு நிமிடம் பிடித்திருக்க வேண்டும். இன்னொருவர் டிஷ்யூக்களைப் பார்க்க வேண்டும். ஈரமான டிஷ்யூ இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பொருத்தில் ஈரம் கண்டால் உடனே பலங்கொண்ட மட்டும் இறுக்குவது பிழை. புதிய வாய் இருக்கையில் நன்றாக அமர்வதற்கு நட்டைச் சற்றுத் தளர்த்தி, மீண்டும் இறுக்கி, இப்படி இரண்டு மூன்று தடவை செய்வது வழக்கம். அதன் பின்னரும் ஈரமென்றால் கழற்றி வாயைப் பார்க்க வேண்டும். வாய் கோணலாக இருந்தால் அதை வெட்டிப் புதிதாக விரிக்க வேண்டும். மேலும் மேலும் இறுக்கினால் நட்டின் மூலைகள் வழுக்கிப்போகும், அல்லது வாய் நசுங்கி வெடிக்கும். பைப் நுழைய ஒரு பக்கம் வெட்டுள்ள ரிங் ஸ்பேனரால் இறுக்கினால் நட் வழுக்காது.

எல்லா டிஷ்யூவும் காய்ந்தே இருந்து ஒயில் மட்டும் குறைகிறதா? அப்படியென்றால் கசிவு மறைந்த இடத்தில் இருக்கிறது. சக்கரத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். டயரின் உட்சுவரில் ஈரக் கோடு வழிந்திருந்தால் வீல் சிலிண்டரின் றப்பர் போய்விட்டது. டிரம்மைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஒயில் ஊறிய பிரேக் கட்டையைக் கழுவிப் போடக் கூடாது, மாற்ற வேண்டும். பெடல் கம்பி போகும் இடத்தில் மாஸ்டர் சிலிண்டரின் பின்புறம் ஈரமாக இருந்தால் அதன் றப்பர் பழுது.

இன்னொரு நிலைமையும் உண்டு. பெடலை மிதித்துப் பிடித்திருக்க, அது மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. வெளியே ஒரு துளியும் இல்லை, ஒயிலும் குறையவில்லை. இது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஒயில் பின்னால் நழுவுவதன் அடையாளம். எத்தனை பைப் மாற்றினாலும் இது தீராது. ஆனால் வேன்களில் பெடலை மிதித்தபடி எஞ்சினை இயக்கும்போது பெடல் ஒருமுறை சற்றே தாழ்ந்தால் பயப்பட வேண்டாம். அது பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்வதால் வருவது.

காற்று எடுக்கும்போது கவனம்

பைப் மாற்றிய பின் உள்ளே போன காற்றை வெளியேற்ற வேண்டும். எயார் எடுப்பது என்று கராஜில் சொல்வார்கள். இதற்கு இரண்டு பேர் தேவை. பெடல் மிதிக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல பெடல் எப்படி இருக்கும், கெட்ட பெடல் எப்படி இருக்கும் என்பதை உங்கள் காலே படித்துக்கொள்ளும்.

முறை இதுதான். சக்கரத்தின் உட்பக்கம் உள்ள சின்ன நிப்பிளில் ஒரு தெளிவான குழாயை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் ஒயில் உள்ள போத்தலுக்குள் அமிழ்த்துவார்கள். "மிதி" என்றதும் மிதித்துப் பிடிக்க வேண்டும். அவர் நிப்பிளைத் திறப்பார், குமிழிகளோடு ஒயில் வரும். அவர் மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். பெரும்பாலான பழைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கிக் கிட்டவுள்ள சக்கரத்தில் முடிப்பார்கள். இடையில் மேலே உள்ள ஒயில் பேணி வெறுமையாகக் கூடாது. வெறுமையானால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இங்கேதான் பழைய வண்டிக்கு ஓர் ஆபத்து இருக்கிறது. வழமையாக ஓடும்போது பெடல் பாதித் தூரம்தான் போகும். சிலிண்டருக்குள் அந்தப் பாதித் தூரம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். மிச்சப் பாதியில் பல வருடத் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். காற்று எடுக்கும்போது பெடலை அடிவரை மிதித்தால் உள்ளே இருக்கும் றப்பர் அந்தத் துருவில் உரசிக் கிழிந்துபோகும். நேற்றுவரை நன்றாக இருந்த சிலிண்டர் இன்று கெட்டுவிடும். இதைத் தடுக்கப் பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு, அது வரை மட்டும் மிதித்தால் போதும்.

ஒயிலைப் பற்றி

போத்தலில் டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதியிருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்று பேணியின் மூடியிலோ வண்டிப் புத்தகத்திலோ பாருங்கள். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் தன்மை கொண்டது. புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகையாக இறங்கிவிடலாம். ஒயில் கொதித்தால் ஆவி உண்டாகும், ஆவி நசுங்கும், பெடல் அடிவரை போகும். அந்த ஈரம் பைப்பை உட்பக்கமாகவும் துருப்பிடிக்க வைக்கும். ஆகவே பல நாள் திறந்து கிடந்த போத்தலைப் பாவிக்க விடாதீர்கள். எமது கடலோரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை மாற்றுவது நல்லது.

எஞ்சின் ஒயில், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் ஒரு துளிகூட அதற்குள் போகக் கூடாது. றப்பர்கள் எல்லாம் ஊதிப் பழுதாகிவிடும். பிரேக் ஒயில் நஞ்சு. மிஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள். பிள்ளைகள் குடித்துவிடுவார்கள்.

இதற்குச் சம்மதிக்காதீர்கள்

தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பைப் பிரேக் நட்டுக்குச் சுற்றக் கூடாது. கசிவைத் தடுப்பது புரி அல்ல என்று மேலே பார்த்தோம். டேப்பின் துணுக்கு உள்ளே போனால் பாதையையும் அடைக்கும். பசை பூசுவதும் ஈயம் பற்றவைப்பதும் அந்த அழுத்தத்துக்கு முன் நிற்காது. இரண்டு பைப் துண்டுகளுக்கு நடுவில் பெற்றோல் றப்பர்க் குழாயை மாட்டிக் கிளிப் போடுவது பெரும் ஆபத்து. கசியும் சக்கரத்தின் பைப்பை நசுக்கி அடைத்துவிட்டு "மற்றச் சக்கரம் பிடிக்கும்தானே" என்பதும் அப்படித்தான். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்துத் திரும்பிவிடும்.

வருட லைசன்ஸுக்குப் புகைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது, ஆகவே வண்டி நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். அங்கே புகையைத்தான் பார்க்கிறார்கள்.

கராஜில் நாம் நிற்கும் விதம்

கராஜ் ஆண்களின் இடம் என்ற எண்ணத்தில் தம்பியையோ மச்சானையோ அனுப்பிவிட்டு நாம் வீட்டில் இருந்துவிடுகிறோம். போனாலும் "உங்களுக்கு இது விளங்காது" என்ற ஒரு சொல்லில் வாயடைத்துப் போகிறோம். காசு எமது, கடன் எமது, வண்டி எமது. தீர்மானம் மட்டும் வேறொருவருடையது. கணவனை இழந்த பெண்ணின் கையிலிருக்கும் சொத்து மெல்ல மெல்லக் கைமாறிப் போவது இப்படித்தான். சண்டை பிடிக்கத் தேவையில்லை. நல்ல மெக்கானிக் கேள்வி கேட்பவரை மதிப்பார்.

இப்படிக் கேளுங்கள்: "காக்கா, எந்த இடத்தால கசியுது, ஒருக்காக் காட்டுங்க." "பழைய பைப்பின் வாயும் புதிய பைப்பின் வாயும் ஒரே மாதிரியா?" "வொஷர் புதிசு போட்டீங்களா?" "வேலை முடிஞ்ச பிறகு டிஷ்யூ கட்டிப் பார்ப்போமா?" தமிழ்ச் சகோதரிகள் அண்ணா என்று அழைத்துக் கேளுங்கள், கேள்வி ஒன்றுதான்.

மாற்றிய பாகங்களும் கூலியும் தனித்தனியே எழுதிய பில்லை வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, காசு கொடுத்துப் பெறும் சேவைக்கும் உரியது. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. பில் இல்லாவிட்டால் முறைப்பாட்டை நிரூபிப்பது கஷ்டம்.

வேலை முடிந்ததும் உடனே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டாம். முதலில் ஆளில்லாத சமதரையில் நடை வேகத்தில் ஓட்டிப் பிடித்துப் பாருங்கள். பின்னர் சற்று வேகம் கூட்டிப் பாருங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும், பெடல் ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்தில் கெட்டியாக நிற்க வேண்டும். ஒயில் பேணியில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் பாருங்கள். கட்டை தேய்வதால் ஒயில் குறைவதென்றால் அது மாதக்கணக்கில் மிகச் சிறிதளவே குறையும். ஒரு வாரத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கினால் அது கசிவு. ஒயிலை ஊற்றி நிரப்பிவிட்டு ஓடுவது திருத்தம் ஆகாது.

ஓடும்போது பெடல் அடிவரை போய்விட்டால், பதறாமல் பெடலைத் திரும்பத் திரும்ப வேகமாக மிதியுங்கள். சில வேளை கொஞ்சம் பிடிப்பு வரும். கியரைக் குறையுங்கள். கை பிரேக் பெரும்பாலும் கேபிளால் வேலை செய்வது, ஒயில் போனாலும் அது பிடிக்கும். அதை மெல்ல மெல்ல இழுங்கள். இதற்காகவே கை பிரேக்கையும் எப்போதும் திருத்தி வைத்திருக்க வேண்டும்.

வீட்டில் மகளோ மகனோ படிப்பு முடித்துச் சும்மா இருந்தால், தொழிற் பயிற்சி அதிகார சபையின் மோட்டார் வாகனப் பயிற்சி நெறிகளைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். எமது ஊர்களில் ஒரு பெண் மெக்கானிக் இருந்தால் எத்தனை சகோதரிகள் தயக்கமின்றி வண்டியைக் கொண்டுபோவார்கள் என்று யோசியுங்கள்.

இன்றிரவு ஒரு சிறிய வேலை செய்யுங்கள். வண்டியின் கீழே, சக்கரங்களுக்கு நேராகப் பழைய மட்டைகளை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் அதில் மஞ்சள் படிந்த, வழுவழுப்பான ஒரு துளி கண்டால், அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் கராஜுக்கு ஆளை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். ஒரு நாள் உழைப்புப் போகும். போகட்டும். அதை மறுநாள் உழைத்துக்கொள்ளலாம்.